நடுத்தர வலி

அமருங்கள், தம்பி. அந்தச் சுழல்நாற்காலி வேண்டாம். அது என் இடுப்பை முறித்த நாற்காலி. பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சாத்துக்குடி எதற்கு? சரி, கொண்டுவந்துவிட்டீர்கள், மேசையில் வையுங்கள். மாடிக்குக் குடிவந்த ஒரு வாரத்துக்குள் கீழே இறங்கி வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல பழக்கம். உங்களுக்கு முன்பு இருந்தவர் காலி செய்கிற நாளன்றுதான் என் பெயரைக் கேட்டுக்கொண்டார். ஆவுடையப்பன். பணிநிறைவு பெற்ற தமிழாசிரியன். பாளையங்கோட்டையில் என்னிடம் படிக்காதவர்கள் குறைவு. படித்ததை ஒப்புக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

இப்போது வாசலில் நின்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "உடம்புக்கு என்ன சார் செய்யுது" என்று. சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள். இந்த வீட்டில் அந்தக் கேள்வி காதில் விழுந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, தெரியுமா உங்களுக்கு? அது இங்கே தடை செய்யப்பட்ட கேள்வி. என் மனைவி வீட்டில் இருந்திருந்தால் உங்களை வாசற்கதவிலேயே மடக்கி, "வலியப் பத்தி மட்டும் கேட்டுராதீங்க" என்று காதோடு சொல்லித்தான் உள்ளே விட்டிருப்பாள். அவள் இல்லை. இன்று காலை ஓசூருக்குப் புறப்பட்டுவிட்டாள். இந்நேரம் கோவில்பட்டியைத் தாண்டியிருப்பாள்.

நீங்கள் உள்ளே வரும்போது என் கையில் கைப்பேசி இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அவளைத்தான் அழைக்க இருந்தேன். வலி கூடிவிட்டது, திரும்பி வா என்று சொன்னால் போதும். எங்கே இருந்தாலும் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வருகிற வண்டியில் ஏறிவிடுவாள். மதுரை வரைக்கும்தான் அந்த வசதி. மதுரையில் ஓசூர் வண்டிக்கு மாறிவிட்டால் பிறகு அழைத்துப் பயனில்லை. ஆக, நமக்கு நேரம் இருக்கிறது. கேட்டது நீங்கள், கேட்டவருக்கு விடை சொல்லாமல் அனுப்புவது எனக்கு வழக்கமில்லை.

இடுப்பு வலி. கீழ்முதுகில் வலப்பக்கம் தொடங்கும். தொடங்குகிற இடத்தை விரல் வைத்துக் காட்டலாம். முடிகிற இடத்தைக் காட்ட முடியாது. சில நாள் எரிச்சல், சில நாள் குத்தல், சில நாள் யாரோ உள்ளே உட்கார்ந்து ஈரத்துணியைப் பிழிவது போல. நான் பணிநிறைவு பெற்ற ஆண்டில் வந்தது. பிரிவு உபசார விழாவில் பள்ளியில் எனக்கு ஒரு நாற்காலி பரிசளித்தார்கள். நான் சொன்னேனே, அதுதான். காலமெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவனுக்கு இனி உட்கார் என்று நாற்காலி. பொருத்தமான பரிசு. அதில் அமர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் இடுப்பு போய்விட்டது.

இருங்கள், படத்தைக் காட்டுகிறேன். அலமாரியின் மேல் இருக்கிறது. வேண்டாம், வேண்டாம், நீங்கள் எழ வேண்டாம், எந்த உறையில் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். இதோ. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இந்த நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே தெரிகிறதா? தெரியவில்லையா? மருத்துவருக்கும் தெரியவில்லை. "உங்க வயசுக்கு இது சாதாரணம் சார்" என்றார். வயதுக்குச் சாதாரணமான படத்தை எடுக்கவா என்னை அந்தக் குழாய்க்குள் தள்ளி அவ்வளவு நேரம் தடதடவென்று அதிரவைத்தார்கள்?

என்ன? எட்டி எடுத்தேனா? எட்டி எடுக்கும்போது வலிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். தம்பி, எட்டுவதற்கு உள்ள தசை வேறு. உங்களுக்கு மின்வாரியத்தில் வேலை என்றார்கள். நான் கம்பத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்துகிறேனா?

மனைவியின் பெயர் சண்முகவடிவு. நான் வடிவு என்பேன். வலி வந்த நாள் முதல் அவள் என்னைக் கவனித்துக்கொண்ட முறையைக் குறை சொல்ல மாட்டேன். நான் 'ம்' என்றால் வெந்நீர்ப்பை வரும். 'ம்ம்' என்றால் தைலம் வரும். அதற்கு மேல் என்றால், அடுப்பை அணைத்துவிட்டு அவளே வந்து அருகில் உட்கார்ந்து, "என்ன செய்யுதுங்க" என்பாள். அந்தக் கேள்வியில் பாதி வலி இறங்கும். நான் சொல்ல, அவள் கேட்க, மீதியும் கொஞ்சம் இறங்கும். இப்படி ஆறு ஆண்டுகள் ஒழுங்காக நடந்த குடும்பம் இது.

அவள் வெளியூர் போவதில் மட்டும் ஒரு சங்கடம். அவளுடைய தங்கை மகள் திருமணம் தென்காசியில் நடந்தது. பட்டுப்புடைவையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். அன்று விடியும்போது எனக்கு வலி. கட்டிலில் இருந்து காலை ஊன்ற முடியவில்லை. அவள் போகவில்லை. பிறகு திருச்செந்தூருக்குத் தெருப்பெண்கள் எல்லாரும் வேனில் போனார்கள். அன்றைக்கும் வலி. தற்செயல்தான். வலி என்ன, நாள்காட்டியைப் பார்த்துவிட்டா வருகிறது?

எங்களுக்கு ஒரே மகள், நப்பின்னை. நான் வைத்த பெயர். கணவர் வீட்டில் 'நப்பு' என்று அழைக்கிறார்களாம்; அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஓசூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் பணி, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சம்பந்தி அம்மாள் காலமாகிவிட்டார். மூத்தவன் நன்னனுக்கு நான்கு வயது. இரண்டாவதாக உண்டாகியிருக்கிறாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, படுக்கையிலேயே இருக்க வேண்டும், பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அவள் இங்கே வர முடியாது. தாய்தான் அங்கே போக வேண்டும்.

ஐப்பசியில் பேருந்துக்குப் பதிவு செய்தார்கள். எனக்கு வலி. கார்த்திகையில் தொடர்வண்டிக்குப் பதிவு செய்தார்கள். அப்போதும் வலி. நப்பின்னை என்ன சொன்னாள் தெரியுமா? தொலைபேசியில் அவளே சொன்னாள்: "அப்பா, மொதல்ல உங்களுக்குச் சரியாகட்டும். அம்மா அப்புறம் வரட்டும்." பெற்ற பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும். அந்தப் பேச்சை அவள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினாள் என்பது பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரத்தப்போக்கு. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை இரவுப் பணியில் இருந்ததால் நன்னனைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறார்கள். தெலுங்குக் குடும்பம். ஐந்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்த பிள்ளை இப்போது தண்ணீருக்கு 'நீள்ளு' என்கிறான். என் பேரன். இதை நான் வடிவிடம் சொல்லி எவ்வளவு வருத்தப்பட்டேன் தெரியுமா? அவள் எழுந்தாள். பிறகு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அவளுக்கும் மொழிப்பற்று இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுவாரம், "கெளம்புங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். "வலிக்குன்னு தனியா ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். எதுத்த வீட்டுப் பேச்சியம்மா சொன்னா." ஆட்டோ வாசலில் நின்றது. என்னைக் கலந்துகொள்ளாமல் ஆட்டோ வந்தது அதுதான் முதல் முறை.

அங்கே ஒரு செவிலிப் பெண் முதலில் என்னை உட்காரவைத்து, "பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் உங்க வலிக்கு எவ்வளவு போடுவீங்க சார்" என்றாள். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. மதிப்பெண் போடுவது நமக்குத் தெரிந்த தொழில். பத்து என்றால் என்ன என்று கேட்டேன். "தாங்கவே முடியாத வலி" என்றாள். தாங்கவே முடியாத வலி வந்தவன் இங்கே உட்கார்ந்து உன் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க மாட்டான், ஆகவே பத்து என்பது யாருக்கும் கிடையாது என்றேன். தம்பி, என் பணிக்காலம் முழுவதும் நான் எந்த விடைத்தாளுக்கும் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிப் போட்டதில்லை. மாவட்டத்தில் முதலாவதாக வந்த பையனுக்கே எழுபத்தெட்டு. அப்படிப்பட்டவன் தன் சொந்த இடுப்புக்குச் சலுகை காட்டலாமா? நன்றாக எண்ணிப் பார்த்தேன். பாதம்வரை இறங்கும் என்று எல்லாரும் சொல்கிற வலி எனக்கு முழங்காலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அரை மதிப்பெண் குறைத்தேன். ஐந்தரை என்றேன்.

எனக்கு அடுத்து ஒருவர். வாழைத்தார் சுமக்கிறவராம். "பத்து தாயி, பத்து" என்றார், சந்தையில் விலை சொல்வதைப் போல. அவரை உடனே உள்ளே அழைத்துப் போய் ஊசி போட்டார்கள். என் சீட்டில் 'நடுத்தரம்' என்று எழுதினார்கள். நடுத்தரம். ஆறாண்டு வலி, ஒரு மகள் பேறுகாலத்துக்குத் தாயை அனுப்பவிடாத வலி, நடுத்தரம். இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, "அடுத்த அறையில மேடத்தைப் பாத்துட்டுப் போங்க" என்றார் மருத்துவர்.

அடுத்த அறையில் இருந்த மேடம் என் மகளைவிட இளையவள். செல்வி ரெஜினா. உளவியலாளர். கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வடிவு, தவறான அறைக்கு வந்துவிட்டோம், எனக்கு இடுப்பில்தான் வலி என்றேன். "சரியான ரூம்தான் சார், உக்காருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

என்ன கேட்டாள் என்று நினைக்கிறீர்கள்? எப்போது தொடங்கியது என்றாள். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். "அந்த விழா அன்னைக்கு உங்க மனசு எப்படி சார் இருந்துச்சு?" என்றாள். மனம் இருந்த இடத்தில் இருந்தது அம்மா, இடுப்புதான் இடம் மாறியது என்றேன். அதை எழுதிக்கொண்டாள். பிறகு வடிவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினாள். பள்ளியைப் பற்றி, என் மாணவர்களைப் பற்றி, இப்போது காலையில் எழுந்ததும் என்ன செய்கிறேன் என்பது பற்றி. கடைசிக் கேள்விக்கு, வலி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றேன். பிறகு வடிவை உள்ளே அழைத்தாள். அழைத்து, அவள் முன்னாலேயே சொல்கிறாள்: "சார், அம்மா வெளிய இருந்தப்ப நீங்க ஒரு தடவைகூட முனகல. அம்மா உள்ள வந்து உக்காந்ததுல இருந்து மூணு தடவை முனகிட்டீங்க."

நான் கேட்டேன்: காலி வகுப்பறையில் யாராவது பாடம் நடத்துவார்களா?

அவள் சிரித்தாள். வடிவும் சிரித்தாள். வடிவு சிரித்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்படியானால் என் வலி கற்பனை என்கிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "இல்ல சார். வலி நிஜம். ஆனா மனசு கலங்கி இருக்கும்போது அதே வலி பெரிசாத் தெரியும். பயந்தா கூடும். தனியா விட்டுட்டுப் போயிருவாங்கன்னு தோணினா இன்னும் கூடும்." அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு எதற்குப் பயம்? தலைமையாசிரியர்கள் என்னைக் கண்டு பயந்த காலம் ஒன்று உண்டு.

பிறகு வடிவின் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க அவரோட வலிக்கு நர்ஸா இருக்காதீங்க. அவருக்கு வீட்டுக்காரியா இருங்க" என்றாள். வலியைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது. நான் முனகினால் அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும். நான் எழுந்து நடந்தால் மட்டும் கூட வந்து பேச வேண்டும். நடைக்கும் ஓர் அளவு: தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை. வலி குறைவாக இருக்கிறது என்று தாண்டிப் போகவும் கூடாது, கூடுதலாக இருக்கிறது என்று பாதியில் திரும்பவும் கூடாது. அப்புறம் மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுத்து வலிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். மூச்சு நுரையீரலைத் தாண்டி இடுப்புக்கு வரும் என்று இவர்களுக்கு எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்?

ம்ம்... ஒன்றுமில்லை. உட்காருங்கள். உட்காருங்கள், தம்பி, ஒன்றுமில்லை. பார்த்தீர்களா? நான் ஒரு முறை முனகினேன், நீங்கள் பாதி எழுந்துவிட்டீர்கள். முகம்கூட மாறிவிட்டது. இதுதான் மனித இயல்பு. இதைத்தான் அந்தப் பெண் இந்த வீட்டிலிருந்து துடைத்து எடுத்துவிட்டாள்.

அன்று முதல் இது துக்கவீட்டுக்கு நேர்மாறான வீடு. அங்கே எல்லாரும் அதையே கேட்பார்கள். இங்கே எல்லாரும் அதைத் தவிர மற்றதைக் கேட்கிறார்கள். ஞானதுரை என்று என் நண்பர், கணித ஆசிரியராக இருந்தவர், நாற்பதாண்டுப் பழக்கம். அவரையும் வாசலிலேயே மடக்கிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்தார். தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்றார். சுலோசன முதலியார் பாலத்தில் நெரிசல் என்றார். நானே வாய்விட்டு, ஞானதுரை, இடுப்பு முறிகிறது என்றேன். அவர் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "மழ வரும்போலயே சார்வாள்" என்றார். நான் அவருடன் அன்று பேசவில்லை. பேசவில்லை என்றால், வலியைப் பற்றிப் பேசவில்லை. பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு அச்சுப்பிழை திருத்தக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிழை. இருட்டும் வரை இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். அவர் எழுந்து போன பிறகுதான் விளக்கைக்கூடப் போடவில்லை என்பது தெரிந்தது. அடுத்த வாரம் வடிவு இதை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "அன்னைக்குச் சாயங்காலம் பூரா ஒரு சத்தமும் இல்ல மேடம்" என்று. முப்பத்தைந்து ஆண்டு கூட வாழ்ந்தவள் காட்டிக் கொடுக்கிறாள்.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் என்னுடன் பேச வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் உத்தரவு. பேசினாள் பாருங்கள். அவளுக்கு இவ்வளவு கருத்துகள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. மாநகராட்சி குழாய்க்குத் தோண்டுவது பற்றி ஒரு கருத்து. பேச்சியம்மாளின் மருமகள் பற்றி ஒரு கருத்து. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டினாளாம், முக்கூடல் வரை தனியாகப் போய் வந்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலியே" என்றாள். ஒரு நாள் பேச்சு முடியாமல் பிள்ளையார் கோயிலைத் தாண்டி ரேஷன் கடை வரை போய்விட்டோம். அளவை மீறியது யார்? அவள்தான். நான் கூட நடந்தேன், அவ்வளவே.

நேரம் என்ன? சாத்தூரைத் தாண்டியிருப்பாள். விருதுநகர்கூட வந்திருக்கலாம்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நேற்று மாப்பிள்ளை பேசினார். எட்டாம் மாதம் நடக்கிறது, மருத்துவர் எந்த நாளும் அறுவை செய்யலாம் என்கிறார், அத்தை எப்போது வருவார்கள் என்று. என்னிடம்தான் கேட்டார். நான், வருவாள், என் உடம்பைப் பார்த்துக்கொண்டு வருவாள் என்றேன். வடிவு என் கையில் இருந்து கைப்பேசியை வாங்கி, "நாளைக்குக் காலையில பொறப்பட்டு வாரேன் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டாள்.

காலையில் பரணிலிருந்து பெட்டியை இழுக்கும் ஓசை கேட்டது. கேட்டதும் எனக்கு இடுப்பில் சுரீர் என்றது. பொய் சொல்லவில்லை, தம்பி, உண்மையான வலி. வியர்த்துவிட்டது. நான் முனகினேன். அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நான் முனகினால் அடுப்பு அணையும். இன்று கடுகு வெடித்துக்கொண்டே இருந்தது. சத்தமாக முனகினேன். கறிவேப்பிலையைப் போட்டாள். வடிவு என்று கூப்பிட்டேன். காப்பியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, தாளித்த புகையாக இருக்கும். என் எதிரே நின்று, "இன்னைக்கு வெயில் கூடத்தான் அடிக்கும்போல" என்றாள். வெயில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன், அவள் வெயிலைப் பற்றிச் சொல்கிறாள். டபராவில் பாதிக் காப்பி சிந்தியிருந்தது. காப்பி சிந்தியிருக்கிறது என்று சுட்டிக்காட்டினேன். "ஆமா" என்றாள்.

பிறகு புறப்பட்டுவிட்டாள். மதியத்துக்குப் பேச்சியம்மா சாப்பாடு கொண்டுவருவாள், மாத்திரை இன்ன டப்பாவில் இருக்கிறது, நடையை விட்டுவிடக்கூடாது என்றெல்லாம் சொன்னாள். வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. வாசலில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் போர்வையின் நுனியை இழுத்துக் காலை மூடிவிட்டு, "வாரேன்" என்றாள். ஆட்டோ திரும்பும் ஓசை கேட்கிறது, நான் முனகுகிறேன். யாருக்காக முனகுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை; பழக்கம்.

அதற்குப் பிறகு வீடு இருந்த இருப்பு இருக்கிறதே, அதை எந்த எண்ணால் சொல்வது? அந்தச் செவிலிப் பெண் அதைக் கேட்கவில்லை. நான் கைப்பேசியைக் கையில் எடுத்தேன். கோவில்பட்டிக்குள் கூப்பிட்டுவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் வந்தீர்கள். சாத்தூரில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன், பேச்சில் சாத்தூர் போய்விட்டது.

என்ன பார்க்கிறீர்கள்? கூப்பிட வேண்டாம் என்கிறீர்களா? சொல்லவில்லையா? உங்கள் முகம் சொல்கிறது. ஞானதுரை முகமும் இப்படித்தான் இருந்தது. மாடி வீட்டுக்காரருக்கும் அந்தப் பெண் வகுப்பு எடுத்துவிட்டாளோ?

கூப்பிட்டால் என்ன தவறு? எனக்கு வலிக்கிறது, அது உண்மை. உண்மையைச் சொல்வதில் என்ன பிழை? நப்பின்னைக்கு அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் தெலுங்கு சொல்லிக் கொடுக்க ஆள்கள் இருக்கிறார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு சாத்துக்குடிப் பை. மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களைச் சொல்லவில்லை.

இரத்தப்போக்கு என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, தம்பி. பெண்களிடம் அதையெல்லாம் கேட்பது முறையா? மாப்பிள்ளை தானாகச் சொன்னார், இரண்டு பாட்டில் ஏற்றினார்களாம்.

திருமங்கலம் வந்திருக்கும். கூப்பிடுவதாக இருந்தால் இப்போது கூப்பிட வேண்டும்.

இதோ, அடிக்கிறது. அவள்தான். இருங்கள், எழுந்து போகாதீர்கள்.

சொல், வடிவு. ... மதுரை வந்துவிட்டாயா. ... ம். ... இல்லை, பேச்சியம்மா இன்னும் வரவில்லை, வருவாள். ... மாடி வீட்டுத் தம்பி வந்திருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம். ... பொதுவாகத்தான். ஓசூர் வண்டி நிற்கிறதா? ... இடம் இருக்கிறதா? ... பிறகென்ன, ஏற வேண்டியதுதானே. ஏன் கீழே நிற்கிறாய்?

...

கேட்டுவிட்டாயே, வடிவு. அதை நீ கேட்கக்கூடாது என்றல்லவா உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

... அழாதே. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அழுவார்களா? ஆள்கள் பார்க்கப்போகிறார்கள். ... இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. காலையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருக்கிறது. அது இருக்கும். நீ வண்டியில் ஏறு. ... இல்லை, கோபத்தில் சொல்லவில்லை. ... நான் சொல்வதைக் கேள், பெட்டியை நடத்துநரிடம் கொடுத்துவிட்டு ஏறு. ஏறிவிட்டாயா? ... உட்கார்ந்துவிட்டாயா? ... ஓட்டுநர் வந்துவிட்டாரா. ... சரி. நப்பின்னையிடம்... ஒன்றுமில்லை. நானே அவளிடம் பேசிக்கொள்கிறேன். வைத்துவிடு. வைத்துவிடு, சார்ஜ் தீர்ந்துவிடும்.

...

கேட்டுவிட்டாள், தம்பி.

இரண்டு மாதமாக யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று உங்களிடம் இவ்வளவு பேசினேன். அவள் கேட்டால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எரிச்சல், குத்தல், முழங்கால், தூக்கமின்மை, அவள் போட்ட காப்பி வரை எல்லாம் இருந்தது. அவள் கேட்டதும் ஒன்றும் வாயில் வரவில்லை. 'ஏறு' என்றுதான் வந்தது.

எழுந்துவிட்டீர்களா? சரி, வாருங்கள், வாசல் வரை வருகிறேன். நடக்கும்போது கொஞ்சம் மெதுவாக நடங்கள். வியாழக்கிழமை அந்தப் பெண்ணைப் பார்க்க நான் போக வேண்டும். தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். உங்களுக்கு விடுப்பு கிடைத்தால் துணைக்கு வாருங்கள். ஆனால் ஒன்று: இன்று இங்கே நடந்ததைப் பற்றி அவளிடம் மூச்சுவிடக் கூடாது. தன் வைத்தியம் பலித்துவிட்டது என்று எண்ணிக்கொள்வாள்.